மலையேற்ற உடைகளையும் ஏறுகருவிகளையும் நாமே சோதித்தறிவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மழை ஜாக்கெட்டைப் பற்றியோ, ஏறுபவர் இடுப்பிலும் தொடையிலும் அணியும் பட்டைக்கோவையான ஹார்னஸைப் பற்றியோ அறிய வேண்டிய செய்திகள் இரண்டு இடங்களில் பிறக்கின்றன. துணி எவ்வளவு நீரழுத்தத்தைத் தடுக்கும், பட்டை எவ்வளவு விசையைத் தாங்கும் என்பன ஆய்வகத்தில் அளக்கப்பட்டு, பொருளோடு வரும் சீட்டில் அச்சாகிவிடுகின்றன. தலைமூடியை அணிந்தபடி பக்கவாட்டில் திரும்பினால் கண் மறைகிறதா, விரல்கள் விறைத்த நிலையில் காராபினரின் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியின்) பூட்டைத் திருக முடிகிறதா, மூன்று மணி நேரம் நடந்த பிறகு தோள்பட்டைக்கடியில் ஈரம் ஊறுகிறதா என்பனவற்றை எந்தச் சீட்டும் சொல்வதில்லை. இந்த இரண்டாம் வகைச் செய்திகளைச் சேகரிக்க இயந்திரங்கள் தேவையில்லை. ஒரு சமையலறைத் தராசு, ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு, இவற்றுக்கெல்லாம் மேலாகக் கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். ஓய்வு நாட்களில் மலையேறும் எவரும் செய்யக்கூடிய சோதனைகளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

முதல் படி: எதைச் சோதிக்கக்கூடாது என்பதை முடிவு செய்தல்

உயிரைத் தாங்கும் பொருளின் வலிமையை வீட்டில் சோதிக்கக்கூடாது. கயிறு, ஹார்னஸ், ஸ்லிங் (வளையமாகத் தைத்த நாடா), காராபினர், தலைக்கவசம் ஆகியவற்றை இழுத்தோ, உயரத்திலிருந்து போட்டோ, சுத்தியலால் தட்டியோ பார்ப்பதால் பயனுள்ள எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. நல்ல பொருள் ஒன்று கெட்டுப்போவது மட்டுமே மிச்சம். தலைக்கவசங்களுக்கான ஐரோப்பிய நெறியான இ.என். 12492-இன் சோதனையில் 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து கவசத்தின் மீது விழச்செய்து, தலைக்குச் சென்று சேரும் விசை 10 கிலோநியூட்டனை (ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடை தரும் விசை) தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்படி அடிபட்ட கவசத்தை எவரும் மறுபடியும் அணிவதில்லை. வலிமைச் சோதனை பெரும்பாலும் சோதிக்கப்படும் பொருளை அழித்தே விடை சொல்லும் என்பதால், அதை ஆய்வகத்துக்கே விட்டுவிட வேண்டும். நமது வேலை, அதற்கான முத்திரை பொருளின் மீது இருக்கிறதா என்று சரிபார்ப்பதோடு முடிகிறது. ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியதைக் காட்டும் சி.இ. குறியும் நெறி எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ.வின் முத்திரையும் இருந்தால் இன்னும் நல்லது. தலைக்கவசத்தில் கடத்தப்படும் விசைக்கு அந்தக் கூட்டமைப்பு வைத்திருக்கும் எல்லை 8 கிலோநியூட்டன்தான். முத்திரை இல்லாத ஏறுகருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைச் சோதனைக்கே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: முதல் நாள் பதிவு

புதிய பொருள் கைக்கு வந்ததும், அணிந்து பார்க்கும் ஆசையைச் சற்று அடக்கி, முதலில் எடை போடுங்கள். சீட்டில் உள்ள எடை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கானது. நீங்கள் வாங்கிய அளவு அதைவிடக் கனமாக இருக்கலாம். பிறகு தையல்கள், ஜிப், தையல் நாடாவின் ஓரங்கள், தேயக்கூடிய மடிப்புகள் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். ஓராண்டு கழித்து, இந்த நூல் பிரிவு முன்பே இருந்ததா அல்லது இப்போது வந்ததா என்ற ஐயம் எழும்போது, நினைவைவிடப் படமே நம்பத்தக்கது. ஏறுகருவிகளாக இருந்தால் தயாரிப்பு ஆண்டையும் தொடர் எண்ணையும் எழுதிக்கொள்வது கட்டாயம். தயாரிப்பாளர் குறையுள்ள ஒரு தொகுதியைத் திரும்பப் பெற நேர்ந்தால், அந்த எண்ணைக் கொண்டே உங்கள் பொருள் அதில் சேருமா என்று அறிய முடியும். கூடவே வரும் கையேட்டைத் தூக்கி எறியாதீர்கள். எந்தத் தேய்மானத்தில் பொருளை விலக்க வேண்டும் என்பது அதில்தான் எழுதியிருக்கும்.

மூன்றாம் படி: உடலை ஒட்டிய அடுக்கு

உடலை ஒட்டி அணியும் சட்டைக்கு எளிமையானதும் நேர்மையானதுமான சோதனை, காயும் நேரத்தை அளப்பது. உலர்ந்த சட்டையை எடை போட்டு, நீரில் முழுமையாக நனைத்து, ஒரே அளவு அழுத்தத்தில் பிழிந்து, மீண்டும் எடை போடுங்கள். பிறகு காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை எடையைக் குறித்துக்கொண்டே வாருங்கள். உலர்ந்த எடைக்குத் திரும்ப ஆகும் நேரம்தான் விடை. இதைத் தனிச் சட்டையாகச் செய்வதைவிட, ஏற்கெனவே உங்களிடம் உள்ள பழைய சட்டை ஒன்றையும் பக்கத்தில் தொங்கவிட்டுச் செய்வதே முறை. ஏனெனில் அன்றைய காற்றும் ஈரப்பதமும் இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

காயும் நேரம் மட்டுமே எல்லாம் என்று எண்ணிவிடவும் கூடாது. பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான ஈரத்தையே உள்வாங்கும். கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் தோலுக்கு நனைந்ததாகத் தோன்றாது. ஆகவே தராசில் தோற்கும் கம்பளிச் சட்டை, நின்று நின்று ஏறும் குளிர்ந்த நாளில் வென்றுவிடுவது உண்டு. மூச்சு வாங்க ஒரு சரிவை ஏறி, உச்சியில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, குளிர் எப்போது முதுகில் ஏறுகிறது என்று கவனித்து எழுதுங்கள். நாற்றத்தையும் வெட்கப்படாமல் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பல நாள் நடையில் கூடாரத்தைப் பகிர்ந்துகொள்பவருக்கு அது முக்கியமான தரவு.

நான்காம் படி: மழை ஜாக்கெட்

தன்னார்வச் சோதனையாளர்கள் அதிகமாகத் தவறான முடிவுக்கு வரும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் செல்வோம்.

சீட்டில் 20,000 மி.மீ. என்று இருந்தால், 20 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூணின் அழுத்தம் வரை அத்துணி நீரைத் தடுத்தது என்று பொருள். வானிலிருந்து விழும் மழை அத்தகைய அழுத்தத்தைத் தருவதே இல்லை. பையின் தோள்பட்டை அழுத்துமிடத்திலும், மண்டியிடும்போதும், ஈரப் பாறையில் உட்காரும்போதும்தான் அழுத்தம் கூடுகிறது. வியர்வை ஆவியை வெளிவிடும் திறனுக்கான எண்ணோ இன்னும் குழப்பமானது. ஒரு சதுர மீட்டர் வழியே 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி வெளியேறுகிறது என்பதைப் பல முறைகளில் அளக்கலாம். ஒரே துணி ஒரு முறையில் பெறும் எண், இன்னொரு முறையில் பெறும் எண்ணைப்போலப் பன்மடங்காகவும் இருக்கக்கூடும். எனவே எந்த முறையில் அளந்தார்கள் என்று சொல்லப்படாத எண்களை ஒப்பிடுவது வீண். ஆவிக்கு எதிரான தடையை அளக்கும் ரெட் என்ற எண் தரப்பட்டிருந்தால் அதை நம்பலாம்: அது 6-க்குக் கீழே இருந்தால் மிக நன்று, 20-ஐத் தாண்டினால் கடும் உழைப்புக்கு ஆகாது.

இனி நமது சோதனை. முதலில் மேற்பரப்பைப் பாருங்கள். ஜாக்கெட்டின் ஒரு பகுதியைச் சாய்வாகப் பிடித்து ஒரு கோப்பை நீரை மெல்லத் தெளியுங்கள். நீர் முத்துமுத்தாக உருண்டோடினால் நீர்விலக்கு மேற்பூச்சு உயிருடன் இருக்கிறது. துணி கருத்து, நீர் பரவினால் பூச்சு தேய்ந்துவிட்டது. கழுத்து, மணிக்கட்டு, தோள் ஆகிய மூன்று இடங்களிலும் இதைத் தனித்தனியே செய்யுங்கள். சூழலில் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களைத் தயாரிப்பாளர்கள் கைவிட்டு வருகிறார்கள். அவற்றுக்கு மாற்றாக வந்த பூச்சுகள் நீரை நன்றாகவே விலக்கினாலும், எண்ணெய்ப் பசையை முன்போல விலக்குவதில்லை. தோலின் எண்ணெய் படும் கழுத்தும் மணிக்கட்டும் முதலில் தோற்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து நீர்ப்பொழிவுச் சோதனை. நனைந்தால் நிறம் பளிச்சென்று மாறும் வெளிர் சாம்பல் நிறப் பருத்திச் சட்டையை உள்ளே அணிந்து, மேலே ஜாக்கெட்டைப் பூட்டி, தலைமூடியை இறுக்கிக்கொண்டு, குளியலறையின் நீர்த்தூவிக்கடியில் 15 நிமிடம் நில்லுங்கள். நீர் குளிர்ச்சியாக இருக்கட்டும். வெந்நீர் வைத்தால் உள்ளே வியர்த்துக் கணக்கு குழம்பும். வெறுமனே நிற்காமல், பாறையைப் பிடிப்பதுபோலக் கைகளைத் தலைக்கு மேலே உயர்த்துங்கள், குனியுங்கள், தலையை இருபுறமும் திருப்புங்கள், எடையேற்றிய பையைத் தோளில் மாட்டியபடி சில நிமிடங்கள் நில்லுங்கள். வெளியே வந்ததும் முகத்தையும் கைகளையும் துடைத்துவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றி, சட்டையில் எந்தெந்த இடங்கள் கருத்திருக்கின்றன என்று படமெடுங்கள். நெஞ்சின் நடுவே கோடாகக் கருத்திருந்தால் ஜிப்; முழங்கை வரை கருத்திருந்தால் உயர்த்திய கையின் வழியே இறங்கிய நீர்; தோளில் திட்டாக இருந்தால் துணியோ தையல் நாடாவோ. துணி கசிவது புதிய ஜாக்கெட்டில் அரிது. பெரும்பாலான நீர் திறப்புகளின் வழியேதான் நுழைகிறது.

மூன்றாவதாக, கசிவையும் வியர்வையையும் பிரித்தறிதல். மழையில் இரண்டு மணி நேரம் நடந்தபின் உள்ளே ஈரமாக இருந்ததால் ஜாக்கெட் ஒழுகுகிறது என்று எழுதிவிடும் மதிப்புரைகள் ஏராளம். அமெரிக்கரான பாப் கோர் 1969-இல் பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து உருவாக்கிய, ஜாக்கெட் துணியோடு ஒட்டப்படும் சவ்வும், அதன் வழியில் வந்த பிற சவ்வுகளும், நீர்த்துளி நுழைய முடியாத நுண்துளைகளின் வழியே ஆவியை வெளியேற்றுகின்றன. வெளித்துணி நனைந்து ஊறிவிட்டால் ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே படிந்து நீராகிறது. சவ்வு ஒரு துளியும் கசியாதபோதும் உடல் நனைகிறது. இதைப் பிரித்தறிய, மழை இல்லாத நாளில் அதே வேகத்தில் அதே ஏற்றத்தை ஜாக்கெட் அணிந்து ஏறிப் பாருங்கள். ஏறுவதற்கு முன்னும் பின்னும் உள்சட்டையை எடை போட்டால், உள்ளே தேங்கிய வியர்வை கிராமில் தெரிந்துவிடும். அக்குள் ஜிப்பைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை ஏறினால் இன்னும் தெளிவாகும். என்னைக் கேட்டால், நல்ல அக்குள் ஜிப் ஒன்று விலையுயர்ந்த சவ்வைவிட அதிகம் உதவும்.

பூச்சு தேய்ந்ததாகத் தெரிந்தால் அந்த நிலையிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பராமரிப்புச் சீட்டு சொல்லும் முறையில் துவைத்து, அது அனுமதித்தால் உலர்த்தியில் மிதமான வெப்பத்தில் சுழலவிடுங்கள். அழுக்கு நீங்குவதாலும் வெப்பத்தாலும் பூச்சு பெரும்பாலும் மீண்டெழும். மீளவில்லை என்றால்தான் புதுப் பூச்சு தேவை.

ஐந்தாம் படி: வெப்பம் காக்கும் அடுக்கு

இறகுத்தூவி அடைத்த ஜாக்கெட்டுகளில் 600, 800 என்று குறிக்கப்படுவது, ஒரு அவுன்ஸ் தூவி விரிந்து நிரப்பும் கன அங்குலங்களின் எண்ணிக்கை. அது தூவியின் தரத்தைச் சொல்கிறதே தவிர, உள்ளே எவ்வளவு தூவி அடைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. 800 என்று குறித்த மெல்லிய ஜாக்கெட்டைவிட 600 என்று குறித்த தடித்த ஜாக்கெட் அதிகம் கதகதப்பூட்டலாம். எனவே அடைத்த தூவியின் எடையையும் கேட்டறியுங்கள். வீட்டில் செய்யக்கூடியது உப்பல் சோதனை: ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து உதறி ஒரு நாள் விரித்து வைத்து, தட்டையான மேசையில் அளவுகோலை நிறுத்தித் தடிமனைக் குறித்துக்கொள்ளுங்கள். பருவம் முடிந்ததும் அதே இடத்தில் மீண்டும் அளந்தால், தூவி எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்பது கண்கூடாகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, தூவி இல்லாத வெற்றிடங்கள் எந்த அறையில் இருக்கின்றன என்றும் கவனியுங்கள்.

குளிரைத் தாங்கும் திறனைச் சோதிக்கும்போது வெப்பநிலை, காற்று, நீங்கள் அசைந்தீர்களா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்ற நான்கையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்தக் குறிப்புக்குப் பொருளில்லை. செயற்கை இழையாலான பஞ்சுபோன்ற ஃபிளீஸ் ஆடை காற்றில்லாத இடத்தில் ஒரு மாதிரியும் முகட்டில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்; ஒரே நாளில் இரண்டு இடங்களிலும் பத்து நிமிடம் நின்று பார்ப்பது நல்லது. உறக்கப் பைகளில் ஐ.எஸ்.ஓ. 23537 நெறிப்படி தரப்படும் சுகவெப்பநிலை ஒரு பெண்ணை அடிப்படையாகவும், எல்லை வெப்பநிலை உடலைச் சுருட்டிப் படுத்த ஓர் ஆணை அடிப்படையாகவும் கொண்டவை. திட்டமிடும்போது சுகவெப்பநிலையையே கணக்கில் கொள்ளுங்கள். அதற்கும் கீழே அச்சிடப்படும் அதீத வெப்பநிலை, உயிர் பிழைப்பதற்கான எண்ணே ஒழிய உறங்குவதற்கான எண் அன்று. அந்தச் சோதனை காப்பு விரிப்பின் மீது வைத்தே நடத்தப்படுகிறது என்பதால், மெல்லிய விரிப்பில் படுத்துவிட்டுப் பையைக் குறை சொல்வதும் நியாயமாகாது.

ஆறாம் படி: மலைக்காலணி

கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மலையில் அணியப்போகும் அதே காலுறையோடு அணிந்து பாருங்கள். ஏற்றத்தைவிட இறக்கமே காலணியின் குறையைக் காட்டும். சரிவான பலகையிலோ படிக்கட்டிலோ அழுத்தமாக இறங்கும்போது விரல்நுனி முன்சுவரில் இடித்தால், கயிற்றை மாற்றிக் கட்டிப் பாருங்கள்; அப்போதும் இடித்தால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. ஏறும்போது குதிகால் மேலெழுந்தால் கொப்புளம் உறுதி. காலணி பழகப் பழகச் சரியாகிவிடும் என்ற ஆறுதலை நான் அதிகம் நம்புவதில்லை. தோல் இளகும், அச்சின் நீளம் கூடாது.

பிடிமானத்தை உலர்ந்த பாறை, ஈரப் பாறை, சேறு, தளர்ந்த கல் ஆகிய நான்கிலும் தனித்தனியே, தரையிலிருந்து அரையடி உயரத்துக்கு மேல் போகாத இடங்களில் சோதியுங்கள். ஒரு தளத்தில் சிறக்கும் ரப்பர் இன்னொன்றில் வழுக்குவது இயல்பு. 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் தோழர்கள் அறுவர் இறந்த பிறகு, பொருந்தாத காலணிகளும் அதற்கு ஒரு காரணம் என்று கருதிய இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி உருவாக்கியதே, ஆழ்ந்த பள்ளங்கள் கொண்ட வைப்ரம் ரப்பர் அடித்தளம். அதன் வழிவந்த அடித்தளங்களையே இன்று பெரும்பாலோர் அணிகிறோம்.

நீர்த்தடுப்பைப் பார்க்க, காலுறைக்குள் தாளைச் சுற்றிக்கொண்டு கணுக்காலுக்குக் கீழான நீரில் 10 நிமிடம் நடந்தால் போதும். இன்னொன்று: வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த பழைய காலணியை நேரே மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பாலியூரித்தேனால் ஆன நடுத்தளம் காற்றின் ஈரத்தால் வேதிமுறையில் சிதைந்துபோகும். அணியாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் காலணியின் அடித்தளம் நடைபாதையில் கழன்று விழும். கட்டைவிரலால் நடுத்தளத்தை அழுத்திப் பாருங்கள். நொறுங்கினாலோ வெடிப்பு தெரிந்தாலோ அதன் காலம் முடிந்தது.

ஏழாம் படி: ஏறுகருவிகளின் பொருத்தமும் கையாளுதலும்

இந்தச் சோதனைகள் அனைத்தும் தரையிலோ, தரைக்கு மிக அருகிலோ, அனுபவமுள்ள ஒருவர் உடனிருக்க நடக்க வேண்டும். புதிய கருவியை முதன்முதலில் பயன்படுத்துமிடம், மேலிருந்து கயிறு தாங்கும் எளிய பாதையாக இருக்கட்டும்.

ஹார்னஸை, குளிருக்கு அணியும் உடைகளோடும் மெல்லிய உடையோடும் இருமுறை அணியுங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே அமர வேண்டும்; இறுக்கியபின் கீழே இழுத்தால் இறங்கக்கூடாது. கயிறு கட்டும் புள்ளிகளில் முறைப்படி கட்டிக்கொண்டு, காலடி தரையிலிருந்து ஒரு முழம் எழும்படி தொங்கிப் பாருங்கள். எடை தொடைப் பட்டையிலும் இடுப்பிலும் பகிரப்படுகிறதா, ஏதேனும் ஓரம் அறுக்கிறதா, தலை பின்னால் சாய்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அசையாமல் தொங்குவது இரத்த ஓட்டத்தைப் பாதித்து ஆபத்தாகலாம் என்பதால், கால்களை அசைத்துக்கொண்டே இருங்கள், தனியாக இதைச் செய்யாதீர்கள். பிறகு கருவி வளையங்களில் நீங்கள் வழக்கமாகச் சுமக்கும் அனைத்தையும் மாட்டி, பார்க்காமலே கையை நீட்டி ஒவ்வொன்றையும் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பையை மாட்டியபின் பின்புற வளையங்கள் பட்டைக்கடியில் சிக்கிக்கொள்ளும் வடிவமைப்புகள் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம்.

தலைக்கவசத்தில் செய்யக்கூடியது ஒன்றே. தாடைப்பட்டையைப் பூட்டாமல், பின்புறத் திருகை மட்டும் இறுக்கிவிட்டுக் குனிந்து தலையை உலுக்குங்கள். விழாமல் இருந்தால் பொருத்தம் சரி. அண்ணாந்து பார்க்கும்போது பின்விளிம்பு கழுத்தில் இடிக்கிறதா என்பதையும், தலைவிளக்கின் பட்டை கவ்விகளில் நிற்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடலாம்.

காராபினரின் உடலில் பொறித்திருக்கும் எண்களில் வாயில் (கதவுபோலத் திறந்து மூடும் பகுதி) திறந்த நிலைக்கான எண்ணை மட்டும் மனத்தில் வையுங்கள். நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கும் காராபினர், வாயில் திறந்திருந்தால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தாங்கும், குறுக்குவாக்கிலும் அப்படியே. ஆகையால் நமது சோதனை, வாயில் எதிர்பாராமல் திறக்கும் வாய்ப்புகளைத் தேடுவதாக இருக்க வேண்டும். பாறையின் விளிம்பில் உரசினால் திறக்கிறதா, திருகுப்பூட்டு அதிர்வில் தளர்கிறதா, வாயிலின் மூக்கில் உள்ள கொக்கி ஸ்லிங்கில் மாட்டிக்கொண்டு பாதி திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள். தடித்த கையுறையோடு ஒரே கையில் கயிற்றை மாட்டிக் கழற்றும் பயிற்சியை இரு கைகளாலும் செய்யுங்கள். வலக்கைக்கு இலகுவான திருகு இடக்கைக்குப் பிடிவாதம் பிடிப்பதுண்டு.

கயிற்றைப் பொறுத்தவரை சீட்டில் உள்ள விழுதல் எண்ணிக்கையைத் தவறாகப் படிப்பவர்களே அதிகம். ஒற்றைக் கயிற்றுக்கான இ.என். 892 சோதனையில் 80 கிலோ எடை, 5 நிமிட இடைவெளியில், பாறை முகத்தில் அரிதாகவே நேரும் அளவுக்குக் கடுமையான விழுதல்களாகத் திரும்பத் திரும்ப விழச்செய்யப்படுகிறது. குறைந்தது 5 விழுதல்களைக் கயிறு தாங்க வேண்டும். முதல் விழுதலின் தாக்குவிசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. 9 விழுதல் என்று குறித்த கயிறு ஒன்பதாவது முறை விழுந்ததும் அறுந்துவிடும் என்பது இதன் பொருள் அன்று. நாம் சோதிக்க வேண்டியது கயிற்றின் நடத்தையை. முதன்முறை அவிழ்க்கும்போது சுருளிலிருந்து வளையம் வளையமாக இழுக்காமல், உருட்டி அவிழ்த்து முறுக்கை நீக்குங்கள். பிறகு உங்கள் பிலே கருவியோடு (ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்துக் கட்டுப்படுத்தும் கருவி) அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கருவியில் பொறித்த விட்ட எல்லைக்குள் கயிறு இருந்தாலும், எல்லையின் மெல்லிய முனையில் உள்ள வழவழப்பான புதுக் கயிறு எதிர்பாராத வேகத்தில் ஓடும். ஏறுபவரைத் தரையருகே மெல்ல இறக்கிப் பார்த்துப் பிடியின் வலுவை உணர்ந்த பிறகே உயரே செல்லுங்கள். ஈரத்தில் நைலான் கயிறு தாங்கும் விழுதல்கள் கணிசமாகக் குறைகின்றன. நீர்விலக்குக் கயிறு என்று எழுதியிருந்தால், யு.ஐ.ஏ.ஏ. நெறிப்படி அது எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாதது என்ற உறுதி இருக்கிறதா என்று தேடுங்கள். உறைக்கு மட்டும் பூச்சிட்ட கயிறுகளும் அதே சொல்லால் விற்கப்படுகின்றன.

ஏறுகாலணிகளை ஒப்பிட ஒரு பழைய உத்தி உண்டு: ஒரு காலில் புதியது, மறுகாலில் பழையது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில், விரல்நுனி மட்டும் ஊன்றும் சிறு விளிம்பிலும், ரப்பரை ஒட்டித் தேய்த்து நிற்கும் வழவழப்பான சரிவிலும் மாறிமாறி நின்று பாருங்கள். பிறகு கால்களை மாற்றி அணிந்து மறுபடியும் செய்யுங்கள். வலிமையான காலின் பெருமை காலணிக்குப் போய்விடக்கூடாது.

எட்டாம் படி: குறிப்பு எழுதும் முறை

ஒரே முறை நடந்ததைக் கொண்டு தீர்ப்பு எழுதுவதைத் தவிர்த்து, வெவ்வேறு வானிலைகளில் ஒரு முழுப் பருவம் பயன்படுத்திய பின் எழுதுங்கள். உங்கள் உயரம், எடை, தோளகலம், எளிதில் வியர்ப்பவரா, குளிர் தாங்குபவரா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெட்டையானவருக்குக் கை எட்டாத ஜாக்கெட் மற்றவர்களுக்குக் குறையில்லாததாக இருக்கும். பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதுங்கள்: "இடது தோளில் ஈரம் இருந்தது" என்பது பார்த்தது, "தையல் நாடா விட்டிருக்கலாம்" என்பது ஊகம். பொருள் இலவசமாக வந்திருந்தால் அதை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். எந்த மாற்றத்தைச் சோதித்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதுக் காலணியையும் புதுக் காலுறையையும் ஒரே நாளில் தொடங்கினால், கொப்புளத்துக்கு எது பொறுப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்பதாம் படி: தேய்மானத்தைத் தொடர்ந்து பார்ப்பதும் விலக்குவதும்

பருவத்துக்கு ஒருமுறை முழுமையாகவும், ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன் விரைவாகவும் கருவிகளைப் பரிசோதியுங்கள். கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கிடையே மெதுவாக ஓடவிடுங்கள். தட்டையான இடம், திடீரென மெலிந்த அல்லது பருத்த இடம், விறைப்பு, உறை கிழிந்து வெள்ளை உள்ளிழை தெரியும் இடம் ஆகியவை எச்சரிக்கைகள். ஒவ்வொரு பகுதியையும் சிறு வளையமாக மடித்துப் பார்த்தால், உள்ளிழை சேதமான இடம் மற்ற இடங்களைப்போல வளையாமல் கூராக மடியும். பேட்டரி அமிலம் பட்டால் நைலான் கண்ணுக்குத் தெரியாமலே வலுவிழக்கும். காரின் பின்பெட்டியில் கருவிகளை வைக்குமுன் அங்கே வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அமிலமோ அதன் ஆவியோ பட்டதாக ஐயம் எழுந்தாலே போதும், சோதனை எதுவும் தேவையில்லை. கயிறு விலக்கப்பட வேண்டியது.

காராபினர்களில் கயிறு ஓடுமிடம் பள்ளம் விழுந்து கூர்மையாகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் கூர்மை புதுக் கயிற்றின் உறையையே அறுக்க வல்லது. கடலோரப் பாறைகளில் ஏறுபவர்கள் உப்பு அரிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹார்னஸில் பிலே வளையமும் (முன்புறத்தில் பிலே கருவியை மாட்டும் நாடா வளையம்) கயிறு கட்டும் புள்ளிகளுமே முதலில் தேய்கின்றன. 2006 அக்டோபரில், உலகறிந்த ஏறுநரான டாட் ஸ்கின்னர், அமெரிக்காவின் யோசமிட்டியில் உள்ள லீனிங் டவர் என்ற பாறையில் கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தபோது, தேய்ந்திருந்த அவரது ஹார்னஸின் பிலே வளையம் அறுந்து இறந்தார். புதிய நிலையில் கிலோநியூட்டன் கணக்கில் தாங்கும் வளையம், தேய்ந்த பிறகு எவ்வளவு தாங்கும் என்பதை எந்தச் சீட்டும் சொல்வதில்லை. ஆகவே நூல் பிரிந்த, நிறம் வெளுத்த, பொங்கித் தடித்த பட்டை தெரிந்தால், இந்த ஒரு முறை மட்டும் என்று அதில் ஏறாதீர்கள். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும், நூலிழையாலான ஏறுகருவிகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் அதிகபட்ச ஆயுள் 10 ஆண்டுகள். முதல் நாள் எழுதிய தயாரிப்பு ஆண்டு இங்கே கைகொடுக்கும்.

விலக்கிய கயிற்றை முழுதாகக் குப்பையில் போடாமல், யாரும் ஏறப் பயன்படுத்த முடியாத சிறு துண்டுகளாக வெட்டுங்கள். ஹார்னஸின் பிலே வளையத்தையும் இடுப்புப் பட்டையையும் அறுத்துவிட்டு, குறிப்பேட்டில் அதன் தொடர் எண்ணுக்கு எதிரே விலக்கிய தேதியையும் காரணத்தையும் எழுதிவிடுங்கள்.